மரப்பொம்மைக்கு மார்க் போட்டவர்கள்: வாசகர் கேள்வி, என் பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "பினோக்கியோவை அமெரிக்கக்காரர் பார்க்கிற கண் வேறு, இத்தாலிக்காரர் பார்க்கிற கண் வேறு" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். (பினோக்கியோ யாரென்று தெரியாதவர்களுக்கு: இத்தாலியக் கதை ஒன்றில் ஜெப்பெட்டோ என்ற ஏழைத் தச்சன் செதுக்கிய மரப்பையன், பொய் சொன்னால் மூக்கு நீளும்.) அதையே பிடித்துக்கொண்டு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், இந்த மாதம் வேறு கேள்விக்கு இடமிருக்காது போலிருக்கிறது. சரி, ஒரு மாதம் மரப்பொம்மைக்கே இருக்கட்டும்.

கே: ஐயா, ஒரே கதை, ஒரே ஆண்டில் இரண்டு படம். ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள், இன்னொன்றைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அப்படி என்ன வித்தியாசம்?
(வாசகர், பொள்ளாச்சி)

ப: தேதியைச் சொன்னால் இன்னும் வேடிக்கை. 2023 மார்ச் 11 அன்று ராஸ்ஸி விருதுக்காரர்கள் (வருடா வருடம் மட்டமான படங்களைத் தேடிப் பிடித்துப் பரிசு கொடுத்துக் கேலி செய்பவர்கள்) ராபர்ட் ஸெமெக்கிஸ் எடுத்த டிஸ்னி பினோக்கியோவை மோசமான மறு ஆக்கம் என்று அறிவித்தார்கள். மறுநாள் ஆஸ்கார் மேடையில் கியெர்மோ தெல் தோரோவின் பினோக்கியோ சிறந்த அனிமேஷன் படமாகப் பரிசு வாங்கியது. இரண்டும் 2022-ல் மூன்று மாத இடைவெளியில் வீட்டுத் திரைக்கு வந்தவை. ஒன்று செப்டம்பரில் டிஸ்னி பிளஸ், மற்றது டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ்.

ஸெமெக்கிஸ் கைநாட்டு இயக்குநர் இல்லை. ஜெப்பெட்டோவாக நடித்த டாம் ஹாங்க்ஸும் அவரும் சேர்ந்து 'ஃபாரஸ்ட் கம்ப்' கொடுத்தவர்கள். ஆனால் படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே விமர்சகர்களுக்குக் கடுப்பேறிவிட்டது. ஜெப்பெட்டோவின் பட்டறைச் சுவர் முழுக்கக் கடிகாரங்கள். மணி அடித்தால் அவற்றிலிருந்து எட்டிப் பார்ப்பவை டிஸ்னியின் மற்ற படப் பாத்திரங்கள்! ஏழைத் தச்சன் வீடா, கம்பெனியின் ஷோரூமா என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய குறை, பையனைத் தப்பே செய்ய விடாமல் காபந்து பண்ணியது. டிஸ்னியின் 1940 படத்தில் ஒரு கூத்தாட்டத் தீவு உண்டு, அங்கே ஆடித் தீர்க்கும் பயல்கள் கடைசியில் கழுதைகளாகிவிடுவார்கள். அந்தத் தீவுக்குப் போகும் பயல்கள் சுருட்டுப் பிடிப்பார்கள், பீர் குடிப்பார்கள், பினோக்கியோவும் சேர்ந்து குடிப்பான். 2022-ல் அது ரூட் பீர், அதாவது நுரை பொங்கும் சோடா. பினோக்கியோ சுற்றிலும் நடப்பதைப் பார்த்து நெளிந்துகொண்டு நிற்கிறான். சோடா குடித்ததற்காகவா கழுதைக் காது முளைக்க வேண்டும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைப் பல விமர்சகர்கள் கவனிக்கவில்லை. ஸெமெக்கிஸ் படத்தில் கூண்டில் அடைபட்ட பினோக்கியோ வேண்டுமென்றே பொய் சொல்லி, மூக்கை நீளவைத்து, அதன் வழியாகச் சாவியை எடுக்கிறான். "பொய் சொன்னால் விடுதலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களே" என்று சிலர் குதித்தார்கள். தெல் தோரோ படத்திலும் அதே வித்தை இருக்கிறது. ராட்சத மீனின் வயிற்றிலிருந்து தப்பிக்க, பொய் மேல் பொய்யாகச் சொல்லச் சொல்லி, நீண்ட மூக்கையே பாலமாக்கி மேலே ஏறுகிறார்கள். அதற்கு ஒருவரும் குதிக்கவில்லை. ஏன்? அங்கே பொய் சொல்லு, பொய் சொல்லு என்று கெஞ்சுபவன், பொய்க்காக அவனை முன்பு திட்டிய அதே அப்பன். ஒரே தந்திரம் ஓரிடத்தில் குறுக்குவழியாகவும் இன்னோரிடத்தில் கதையாகவும் நிற்கிறது.

இதோடு, ஸெமெக்கிஸுக்கு நேர்ந்த அநியாயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் படத்தைப் பார்க்க உட்கார்ந்த அமெரிக்க விமர்சகர் ஒவ்வொருவருக்கும் 1940 படம் மனப்பாடம். ஒவ்வொரு காட்சிக்குப் பக்கத்திலும் பழைய காட்சி அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கும். தெல் தோரோ ஒப்பிடவே முடியாத தூரத்துக்கு ஓடிவிட்டார், தப்பித்தார்.

கே: விமர்சகர்கள் காசு வாங்கிக்கொண்டுதானே எழுதுகிறார்கள்?
(வாசகர், ஓசூர்)

ப: வாங்கினால் டிஸ்னியிடம்தானே அதிகம் கிடைத்திருக்கும்?

கே: ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் ஒரு பினோக்கியோவுக்குப் பூஜ்யம் என்று கேள்விப்பட்டேன். நூற்றுக்குப் பூஜ்யம் வாங்கும் அளவுக்கு ஒரு படத்தை எடுக்க முடியுமா?
(வாசகி, திருவாரூர்)

ப: முதலில் கணக்கு. அந்தச் சதவீதம் மார்க் இல்லை அம்மா. நூறு விமர்சனத்தில் எத்தனை பேர் "பார்க்கலாம்" என்றார்கள் என்பதன் கணக்கு. எல்லோரும் "சுமார்தான், ஆனால் பார்க்கலாம்" என்றாலும் நூறு வந்துவிடும். எல்லோரும் "கொஞ்சம் நன்றாக எடுத்திருக்கலாம்" என்று உதட்டைப் பிதுக்கினால் பூஜ்யம். ஸெமெக்கிஸ் 30-ஐத் தொடவில்லை, தெல் தோரோ 95-ஐத் தாண்டினார். அதற்காக ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு நல்ல படம் என்று சொல்ல முடியாது.

நீங்கள் கேள்விப்பட்ட பூஜ்யம் 2002-ல் வந்த ரொபெர்த்தோ பெனினியின் பினோக்கியோ. 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' படத்துக்காக 1999-ல் ஆஸ்கார் வாங்கப் போனபோது நாற்காலி முதுகின் மேல் ஏறி நின்றாரே, அந்த மனிதர்தான். ஆஸ்கார் கொடுத்த தெம்பில், அதுவரை இத்தாலியில் எடுத்ததிலேயே அதிகச் செலவுள்ள படத்தை எடுத்தார். இயக்கமும் அவர், பினோக்கியோவும் அவர், நீலத் தேவதை அவர் மனைவி நிகொலெத்தா பிராஸ்கி. இத்தாலியில் படம் வெளியான அக்டோபரில்தான் பினோக்கியோவுக்கு ஐம்பது வயது நிறைந்தது!

இத்தாலியில் விமர்சனம் கலவையாக இருந்தாலும் கூட்டம் வந்தது. அந்நாட்டின் சார்பில் ஆஸ்காருக்கே அந்தப் படத்தைத்தான் அனுப்பினார்கள். கலை இயக்குநர் தனிலோ தொனாத்திக்கு இத்தாலியின் சினிமா விருது கிடைத்தது, ஆனால் வாங்க அவர் உயிரோடு இல்லை. 2002 கிறிஸ்துமஸ் அன்று மிராமேக்ஸ் என்ற அமெரிக்கப் பட நிறுவனம் அதை ஆங்கிலத்தில் டப் செய்து அமெரிக்காவில் இறக்கியது. ஐம்பது வயது முகத்துக்கு பிரெக்கின் மேயர் என்ற இளம் நடிகரின் குரல். தேவதைக்கு கிளென் குளோஸ், பையனுக்குப் புத்தி சொல்லும் சிள்வண்டுக்கு ஜான் கிளீஸ். வசூல் 40 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. மோசமான நடிகருக்கான ராஸ்ஸியைப் பெனினிக்குக் கொடுத்தவர்கள், டப்பிங் குரல் கொடுத்தவரையும் சேர்த்துக் கேலி செய்தார்கள்.

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் அந்த ஆங்கில வட்டு ஒன்றைத்தான் முதலில் போட்டோம். பெனினி இத்தாலியர்களுக்கே உரிய வேகத்தில் கையை ஆட்டிப் பொரிந்து தள்ளுகிறார். குரல் நிதானமாகப் பின்னால் வருகிறது. உதடு மூடிய பிறகும் வசனம் முடியவில்லை. டப்பிங் படம் பார்த்தே வளர்ந்த கூட்டம் எங்களுடையது, இருந்தும் அரை மணி நேரத்தில் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். பல வருடம் கழித்து இத்தாலிய ஒலியோடு பார்த்தேன். பெரிய படம் இல்லை. ஆனால் அதற்கு ஒரு மூச்சு இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. மூலக்கதையை எழுதிய கொல்லோடியைப் போலவே பெனினியும் இத்தாலியின் தஸ்கனிப் பகுதிக்காரர். அவரைப் பினோக்கியோவாக்கிப் படமெடுக்க வேண்டும் என்று இத்தாலியின் பெரிய இயக்குநர் ஃபெலினியே ஆசைப்பட்டிருந்தார்.

வயதைச் சொல்லித்தான் அமெரிக்கர்கள் அதிகம் சிரித்தார்கள். தெருக்கூத்தில் அறுபது வயது வாத்தியார் அபிமன்யு வேஷம் கட்டி வந்தால் நாம் சிரிக்கிறோமா? அரிதாரத்துக்குள் யார் என்று தெரிந்தே அழுகிறோம். இத்தாலியின் முகமூடி நாடக மரபும் அப்படிப்பட்டதுதான். 1940 படத்தின் குண்டுக் கன்னப் பையனைத் தொட்டிலிலிருந்தே பார்த்து வளர்ந்தவருக்கு, மாவு பூசிய நடுவயது முகம் பேயாகத்தான் தெரியும்.

கே: மூலக்கதையில் பினோக்கியோ தூக்கில் தொங்குவதாகச் சொல்கிறார்களே, நிஜமா? குழந்தைகள் பத்திரிகையிலா?
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

ப: நிஜம்தான். கார்லோ கொல்லோடி (இயற்பெயர் லொரென்சினி) 1881 ஜூலையில் ஒரு சிறுவர் இதழில் தொடராக ஆரம்பித்தார். நான்காம் அத்தியாயத்திலேயே, புத்தி சொன்ன சிள்வண்டைப் பினோக்கியோ சுத்தியலால் அடித்துக் கொன்றுவிடுகிறான். டிஸ்னியில் குடையும் தொப்பியுமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறதே, அதே வண்டு! பதினைந்தாம் அத்தியாயத்தில் பூனையும் நரியும் அவனைப் பெரிய ஓக் மரத்தில் தூக்கில் தொங்கவிட, "அப்பா, நீ மட்டும் இங்கே இருந்திருந்தால்..." என்று இழுத்துக்கொண்டே விறைத்துப் போகிறான். கொல்லோடி அங்கே முற்றும் போட்டுவிட்டார். படித்த பிள்ளைகள் விடவில்லை. 1882-ல் மறுபடி ஆரம்பித்து, 36 அத்தியாயம் ஆக்கி, 1883-ல் புத்தகமாக வந்தது.

எனக்குப் பிடித்த இடம் தூக்கு இல்லை, பேரிக்காய். ஜெப்பெட்டோ தன் காலைப் பசிக்கு வைத்திருந்த மூன்று பேரிக்காயைப் பையனுக்குக் கொடுத்துவிடுகிறார். தோல் சீவினால்தான் தின்பேன் என்கிறான். சீவிக் கொடுக்கிறார். மூன்றையும் தின்றுவிட்டு, பசி அடங்காமல் முதலில் தோலை, பிறகு நடுத்தண்டை என்று எல்லாவற்றையும் காலி செய்கிறான். பசியைத் தெரிந்தவன் எழுதியது. எந்தப் பினோக்கியோ படத்தைப் பார்த்தாலும், இதில் பசி இருக்கிறதா என்று நான் தேடுவேன்.

கே: இத்தாலிக்காரர்கள் கொண்டாடும் பினோக்கியோ எது?
(வாசகர், காரைக்குடி)

ப: டிஸ்னி இல்லை. 1940-ல் கொல்லோடியின் உறவினர் ஒருவர், பையனை அமெரிக்கனாக்கிவிட்டார்கள் என்று டிஸ்னி மேல் வழக்குப் போடச் சொல்லித் தன் அரசாங்கத்தையே கேட்டார். போர் முடிந்து 1947-ல்தான் படம் இத்தாலிக்குப் போனது. அங்கே இன்றும் நாற்பது ஐம்பது வயதைத் தாண்டியவரைக் கேட்டால் லூயிஜி கொமென்சினியின் பெயரைத்தான் சொல்வார். இத்தாலிய அரசின் ராய் தொலைக்காட்சிக்காக 1972-ல் அவர் எடுத்த தொடரில் ஜெப்பெட்டோவாக நீனோ மான்ஃப்ரெதி, தேவதையாக ஜீனா லொல்லொபிரிஜிதா, நீதிபதியாக வித்தோரியோ தெ சீக்கா! அதில் பையன் ஆரம்பத்திலேயே சதையும் ரத்தமுமான பிள்ளையாகிவிடுகிறான், சேட்டை செய்தால் திரும்ப மரமாகிறான். மூலத்தைத் தலைகீழாக்கிய ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குளிரும் வறுமையும் தஸ்கனிக் கிராமமும் அப்படியே இருந்ததால் ஊரே ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு 2019-ல் வந்த மத்தேயோ கர்ரோனேயின் படத்தை நம் ஆட்கள் அவ்வளவாகப் பார்த்ததில்லை. அவசியம் பாருங்கள். ஜெப்பெட்டோ யார் தெரியுமா? அதே பெனினி. பூஜ்யம் வாங்கிய பினோக்கியோ பதினேழு வருடம் கழித்து அப்பாவாகி வருகிறார், ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் காட்சிகளில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் ஊர்ச் சத்திரத்துக்குப் போய், "இந்த மேசை ஆடுகிறதே, இந்தக் கதவு சரியில்லையே, பழுது பார்த்துத் தரட்டுமா" என்று நன்றாக இருக்கும் சாமான்களில் குறை கண்டுபிடிக்கிறார். கையேந்தக் கூச்சம். சத்திரக்காரருக்கும் விஷயம் புரிகிறது, ஒரு தட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைக்கிறார். நான் சொன்ன பசி அங்கே இருக்கிறது.

பையனின் மர முகம் கணினி வேலை இல்லை. ஃபெதெரிக்கோ இயேலாப்பி என்ற சிறுவனின் முகத்தில் தினமும் மணிக்கணக்கில் உட்காரவைத்து ஒட்டிய ஒப்பனை. மார்க் கூலியர் குழுவின் கைவேலை. ஒப்பனைக்கும் உடைக்கும் 2021 ஆஸ்காரில் பரிந்துரை கிடைத்தது. என் பேத்தியைக் கவர்ந்தவள் தேவதை வீட்டில் வேலை பார்க்கும் நத்தை அம்மாள்தான். "தாத்தா, அவங்க நடந்த இடமெல்லாம் வழுக்குது, யாராச்சும் துடைக்கக் கூடாதா?" என்று படம் முழுக்க அதே கவலை.

படம் துண்டு துண்டாக நிற்கிறது, ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்று ஆங்கில விமர்சகர்கள் பலர் குறைப்பட்டார்கள். தொடர்கதை வேறு எப்படி இருக்கும்? குற்றமற்றவன் என்று பினோக்கியோ சொன்னதும் கொரில்லா நீதிபதி சிறைக்கு அனுப்புகிறார். நானும் திருடன்தான் என்று அவன் பட்டியல் போட்டதும் விட்டுவிடுகிறார். அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தால் என்ன?

கே: குழந்தைக் கதைக்குள் முசோலினி எதற்கு? தெல் தோரோ தன் அரசியலைத் திணிக்கிறார் என்பது என் கருத்து.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: தெல் தோரோ கதையை முசோலினி ஆண்ட இத்தாலிக்குக் கொண்டுபோனதைச் சொல்கிறீர்கள். மரியாதையோடு மறுக்கிறேன் சார். 1920-களில் பினோக்கியோவைக் கருஞ்சட்டைக்காரனாக்கி (நம்மூர்க் கருஞ்சட்டை இல்லை, முசோலினியின் அடியாட்கள்) எதிரிகளை அடிக்கவிட்ட சிறுவர் நூல்கள் இத்தாலியிலேயே வந்தன. பொம்மையைத் திருடியவர்கள் அவர்கள், தெல் தோரோ திருப்பிப் பிடுங்கினார். கூத்தாட்டத் தீவுக்குப் பதிலாகச் சிறுவர்களுக்கான ராணுவப் பயிற்சி முகாம் வைத்தது அவருடைய சாமர்த்தியம்.

உங்கள் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. கொல்லோடியில் கீழ்ப்படியாத பையன் அடிபட்டு அடிபட்டுக் கீழ்ப்படியக் கற்கிறான், பள்ளிக்கூடம் போனால்தான் மனிதன். தெல் தோரோவில் கீழ்ப்படியாமைதான் பையனைக் காப்பாற்றுகிறது. இது சின்ன மாற்றம் இல்லை, கதையின் முதுகெலும்பையே திருப்பிப் போட்டிருக்கிறார். பாராட்டிய விமர்சகர்களில் பலர் அதைச் சரியாகக் கேள்வி கேட்கவில்லை என்பது என் வருத்தம். கொண்டாடுகிற வேகத்தில் விட்டுவிட்டார்கள்.

இருந்தும் எனக்கு அந்தப் படம்தான் மேலே. மகன் குண்டுவீச்சில் செத்துப்போகிறான். வருடக்கணக்காகக் குடித்துக்கொண்டிருக்கும் தகப்பன், புயலடிக்கும் ஒரு ராத்திரி, மகன் சமாதிக்குப் பக்கத்தில் வளர்ந்த பைன் மரத்தை வெறி பிடித்தாற்போல் வெட்டிச் சாய்க்கிறான். போதையில் செதுக்கியதால் பொம்மை அரைகுறை. ஒரு காதுதான் இருக்கிறது, முதுகில் ஆணி துருத்திக்கொண்டு நிற்கிறது. பெயின்ட்கூட அடிக்கவில்லை. அந்தப் பொம்மை தேவாலயத்தில் சிலுவையைப் பார்த்துக் கேட்கிறது: அவரும் மரம்தானே, அவரை மட்டும் எல்லோருக்கும் பிடிக்கிறதே, என்னை ஏன் பிடிக்கவில்லை? இதைக் கேட்ட பிறகு, திணிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கே: பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படம் பிடித்ததற்கு இவ்வளவு பெருமையா? இப்போது கணினியே எல்லாம் செய்துவிடுமே.
(வாசகர், வேலூர்)

ப: வினாடிக்கு 24 சட்டகம். ஒரு நிலையை இரண்டு சட்டகத்துக்கு வைத்தாலும் வினாடிக்குப் பன்னிரண்டு முறை பொம்மையைத் தொட வேண்டும். கை, விரல், கண் இமை, ஓரமாக நிற்பவனின் தோள், எல்லாவற்றையும். படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு கூட்டம் படம் பிடிக்க, இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கம் மெக்கினன் அண்ட் சாண்டர்ஸ் பட்டறையில் முக்கியப் பொம்மைகள் பிறந்தன. தெல் தோரோவோடு சேர்ந்து இயக்கிய மார்க் கஸ்டாஃப்சன் களிமண் அனிமேஷனில் ஊறிய ஆள், ஆஸ்கார் வாங்கிய மறு வருடம் காலமானார். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அனிமேட்டர்களுக்கு இயக்குநர் சொன்னது, பொம்மைகள் தடுமாறட்டும் என்பதுதான். ஒரு பாத்திரம் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் மறுபடி உட்காரும், சும்மா காதைச் சொறியும். கதைக்குத் தேவையில்லாத அசைவு, ஒவ்வொன்றுக்கும் பல மணி நேர உழைப்பு. ஜெப்பெட்டோ மூச்சு வாங்குவதை மட்டும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

கே: நீங்கள் டிஸ்னி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்!
(வாசகி, புதுச்சேரி)

ப: அபாண்டம். 1940 படம் ஓர் அதிசயம். அன்றைய விமர்சகர்களும் வாய்விட்டுப் புகழ்ந்தார்கள். 26 லட்சம் டாலர் செலவழித்து, போரால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டுப் போனதால் முதல் ஓட்டத்தில் நஷ்டம். என் சண்டை அந்தப் படத்தோடு இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பல்லைப் பிடுங்கியவர்களோடுதான்.

கே: மகளுக்கு ஆறு வயது, மகனுக்குப் பதினொன்று. விடுமுறைக்கு எந்தப் பினோக்கியோவைப் போட்டுக் காட்டட்டும் ஐயா?
(குடும்பத் தலைவி, மதுரை)

ப: சின்னவளுக்கு 1940 படம். பினோக்கியோவின் கூட்டாளிப் பயல் கழுதையாக மாறும்போது "அம்மா" என்று கத்துவானே, அந்த இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். எண்பது வருடமாகப் பிள்ளைகளை அழவைக்கிற காட்சி அது. பெரியவனுக்கு தெல் தோரோ, நீங்களும் சேர்ந்து பாருங்கள். முதல் கால்மணிக்குள்ளேயே சாவு வந்துவிடும், கடைசியில் கேள்வி மேல் கேள்வி கேட்பான், தூக்கத்தைத் தள்ளிப்போடத் தயாராக இருங்கள். கர்ரோனேயை அவனுக்குப் பகல் வெளிச்சத்தில் காட்டலாம், தூக்கு மரம் அதில் உண்டு. பெனினி என்றால் இத்தாலிய ஒலியோடு மட்டும்.

ஸெமெக்கிஸ் படமா? வெளியே மழை, கரண்ட் இருக்கிறது, கேரம்போர்டில் காய் குறைகிறது என்றால் பார்க்கலாம்.